சேர்த்த மூன்றாம் நாள் ராத்திரி அப்பா ஏன் பிதற்றினார்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 78 வயது, பாலக்கோடு பக்கம் கிராமம். போன மாதம் வரைக்கும் தானே மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டு, பால் சொசைட்டிக்கு நடந்து போய்வந்தவர். நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். மூன்றாம் நாள் ராத்திரி கையில் மருந்து ஏற்றக் குத்தியிருந்த வென்ஃப்ளான் ஊசிக்குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "மாட்டை யாரோ அவுத்து விட்டுட்டாங்க" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். உங்களை, செத்துப்போன பெரியப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். காலையில் டாக்டர் வந்தபோது நன்றாகப் பேசினார், சாயங்காலம் மறுபடியும் அதே கதை. இப்போது ஒன்பது நாள் ஆகிறது, காய்ச்சல் இல்லை, ஆனால் எழுந்து நிற்கக் கால் வரவில்லை. ஒரு சித்தப்பா மந்திரிக்கச் சொல்கிறார், மாமா மனநல டாக்டரிடம் காட்டச் சொல்கிறார், பக்கத்துக் கட்டில்காரர் வயசானா அப்படித்தான் என்கிறார். இது என்ன நோய் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் படித்த வரைக்கும் நீங்கள் கேட்பது வேறு மூன்று கேள்விகள்: அப்பாவுக்கு மூளை கலங்கியே போய்விட்டதா, பழைய அப்பா திரும்பி வருவாரா, அதுவரைக்கும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன செய்வது.

நான் டாக்டர் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 27 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள், அதில் பாதிக்கு மேல் பொது மருத்துவ வார்டு, கொஞ்ச வருஷம் ஐசியூ. உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, கேஸ் ஷீட்டும் என் கையில் இல்லை. ஆகவே அவருக்கு இந்தக் காரணத்தால்தான் வந்தது என்று நான் சொன்னால் அது தப்பு. ஆனால் நீங்கள் வரிசையாக எழுதியிருக்கும் விதம், அதாவது திடீரென்று வந்தது, ராத்திரி கூடுவது, காலையில் தெளிவது, இதையெல்லாம் நான் நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன்.

இதற்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பேர். நம் ஊரில் பழைய ஆட்கள் சன்னி, ஜன்னி என்பார்களே, காய்ச்சலில் பிதற்றுவது, கிட்டத்தட்ட அதுதான். ஜன்னி என்றால் இப்போது பலரும் வலிப்பைச் சொல்கிறார்கள், அதனால் அந்தச் சொல்லை டாக்டரிடம் பயன்படுத்தாதீர்கள், வேறு சிகிச்சைக்குப் போய்விடும். "திடீர்க் குழப்பம், ராத்திரி கூடுது, காலையில தெளியுது" என்று சொல்லுங்கள், அது போதும். டெலிரியத்தில் முதலில் கெடுவது ஞாபகம் இல்லை, கவனம். ஒரு விஷயத்தில் மனசை நிறுத்த முடியாது. நாங்கள் வார்டில் செய்கிற எளிய சோதனை ஒன்று இருக்கிறது: கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது. சனி, வெள்ளி, வியாழன் என்று. பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கள்கூட நல்ல நிலையில் இதைச் சொல்லிவிடுவார்கள். டெலிரியத்தில் இருப்பவர் சனி, வெள்ளி என்று ஆரம்பித்து, நடுவில் உங்கள் சட்டைப் பையைப் பார்த்து, எந்தக் கேள்வி என்பதையே விட்டுவிடுவார். 1990இல் ஷேரன் இனோயி என்ற அமெரிக்க முதியோர் மருத்துவரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் இதைக் கண்டுபிடிக்க ஒரு முறை வகுத்தார்கள், உலகம் முழுக்க இன்றைக்கும் அதுதான் அடிப்படை. திடீரென வந்து ஏறி இறங்குவதும், கவனம் நிற்காததும் கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே பேச்சில் தொடர்பின்மையோ, விழிப்பு நிலையில் மாற்றமோ இருந்தால் டெலிரியம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இது பைத்தியம் இல்லை. மறதி நோயும் இல்லை. மறதி நோய் வருஷக் கணக்கில் மெல்ல வரும். இது மணிக் கணக்கிலும் நாள் கணக்கிலும் வரும். போன மாதம் சொசைட்டியில் பால் கணக்கைச் சரியாகச் சொன்ன மனுஷன் இந்த வாரம் மகனைத் தெரியவில்லை என்றால், உடம்புக்குள் எங்கேயோ ஏதோ தப்பாகிவிட்டது, மூளை அதைக் கத்திச் சொல்கிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். ஏற்கெனவே லேசாக மறதி ஆரம்பித்தவர்களுக்கு டெலிரியம் சுலபமாக வரும். வீட்டில் பழகிய இடம், பழகிய வேலை என்று அந்த மறதி வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். கடந்த ஒரு வருஷத்தில் பணம் எண்ணுவதில் தடுமாறினாரா, தெரிந்த வழியில் குழம்பினாரா, சொன்னதையே சொன்னாரா என்று அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பதில் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போதே மறதி நோய் என்று யாரும் முத்திரை குத்த விடாதீர்கள். அதைப் பார்க்கச் சில மாதம் கழித்து, உடம்பு தேறிய பிறகுதான் நேரம்.

பொது வார்டில் சேர்கிற முதியவர்களில் நான்கு ஐந்து பேருக்கு ஒருவருக்காவது இது வருகிறது, ஐசியூவில் இன்னும் அதிகம். அப்படியும் யாரும் உங்களிடம் பேர் சொல்லிச் சொல்லவில்லை என்றால் அதற்குக் காரணம் உண்டு. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் அப்பா தெளிவாக இருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு நடப்பதை டூட்டி நர்ஸும் நீங்களும்தான் பார்க்கிறீர்கள், நர்ஸ் ஒருத்திக்கு நாற்பது கட்டில். அதனால் ஒரு நோட்டு வாங்கி, என்றைக்கு எத்தனை மணிக்கு என்ன செய்தார், எப்போது தூங்கினார், எப்போது வெளிக்குப் போனார், எவ்வளவு யூரின் போனார், என்ன சாப்பிட்டார் என்று எழுதுங்கள். முதல் பக்கத்தில், சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்னால் அவர் என்னென்ன வேலை தானே செய்தார் என்பதை எழுதுங்கள். பல டாக்டர்களுக்கு அந்த முதல் பக்கம்தான் கண்ணைத் திறக்கும், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது படுத்திருக்கும் ஒரு கிழவரை மட்டும்தான். போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டலாம். காட்டிவிட்டு அழித்துவிடுங்கள், சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். வேட்டி விலகியது தெரியாமல் உளறுகிற அப்பாவை ஊரே பார்ப்பது, அவர் தெளிந்த பிறகு அவருக்குத் தாங்காது.

உங்கள் அப்பா கத்தினார், பிடுங்கினார், அதனால் உங்களுக்குத் தெரிந்தது. கத்தாத வகை ஒன்று இருக்கிறது, அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருஷம் இருக்கும், எழுபது தாண்டிய ஒரு அம்மா, வயிற்றுப்போக்கு என்று வந்தவர். இரண்டு ராத்திரி ஒரு தொந்தரவும் இல்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்ப்பார், "ம்" என்பார், மறுபடி மூடிக்கொள்வார். நான் கேஸ் ஷீட்டில் "நன்றாகத் தூங்கினார்" என்று இரண்டு நாளும் எழுதினேன். மூன்றாம் நாள் ஒரு சீனியர் டாக்டர் வந்து, ஏன் இப்படி மந்தமாக இருக்கிறார் என்று கேட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார், சோடியம், அதாவது ரத்தத்தில் இருக்கிற உப்பு, மிகவும் குறைந்திருந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் அந்த இரண்டு நாள் என் கையெழுத்தில் போனது. அமைதியாக, மந்தமாக, சாப்பாடு வேண்டாம் என்று சுருண்டு கிடப்பதும் டெலிரியம்தான், கவனிக்காமல் விடப்படுவது பெரும்பாலும் இதுதான். அப்பா இப்போது கத்துவதை நிறுத்திவிட்டுச் சும்மா படுத்திருந்தால் சரியாகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கிழமையைப் பின்னாலிருந்து கேட்டுப் பாருங்கள்.

இனி காரணம். இளம் வயதுக்காரருக்கு நிமோனியா வந்தால் இருமுவார், காய்ச்சல் அடிக்கும். வயதானவருக்குச் சில சமயம் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் முதலில் வரும். பெரும்பாலும் காரணம் ஒன்றாக இருக்காது, நான்கைந்து சேர்ந்துகொள்ளும். முதலில் பார்க்க வேண்டியது விரல் குத்திச் சர்க்கரை, அடுத்து ஆக்சிஜன் அளவு. இரண்டும் ஐந்து நிமிஷ வேலை. சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலக் கொடுத்துவிட்டு, ஆள் இரண்டு இட்லிகூடச் சாப்பிடவில்லை என்றால் சர்க்கரை இறங்கும், இறங்கினால் பிதற்றல்தான். அப்புறம் சோடியம், சிறுநீரகம், தொற்று. தாகம் வயதானால் குறைந்துவிடும், அதோடு ராத்திரி எழுந்து போக யாரையாவது எழுப்ப வேண்டுமே என்று பெரியவர்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மலச்சிக்கல் கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஐந்து நாள் வெளிக்குப் போகாத ஒரு தாத்தாவுக்கு எனிமா கொடுத்த அன்று சாயங்காலம் அவர் பேரனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். யூரின் அடைத்துக்கொண்டு அடிவயிறு கல் மாதிரி இருந்தாலும் அப்படித்தான், வலியைச் சொல்லத் தெரியாமல் புரளுவார், நாம் ரகளை என்போம்.

மருந்துகளும் பெரிய காரணம், இதில் வீட்டுக்காரர்கள் சொல்லாமல் மறைப்பது நிறைய. தூக்க மாத்திரை, குறிப்பாக அல்பிரசோலம் மாதிரியானவை, அலர்ஜிக்குப் போடும் ஏவில், சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின், கை நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிபெனிடில், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், வலிக்கான ட்ரமடால், இவையெல்லாம் வயதான மூளையைக் குழப்பக்கூடியவை. ஆனால் பல வருஷமாகப் போட்டுவந்த தூக்க மாத்திரையைச் சேர்த்த அன்றைக்கே நிறுத்தினாலும் குழப்பம் வரும், ஆகவே நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், பையோடு கொண்டுபோய் டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள். நம் இரண்டு மாவட்டத்துக்கு என்று ஒரு விஷயம் இருக்கிறது. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது, அதற்கு முன்னால் அறுபது வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்த உடம்புகளில் முதுகும் முட்டியும் விறைத்துக் கிடக்கிறது. அதற்காக மெடிக்கல் ஷாப்பில் பேர் போடாத பொட்டலத்தில் வலி மாத்திரை வாங்கி வருஷக் கணக்காகப் போடுபவர்கள் உண்டு. அந்தப் பொட்டலத்தில் சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும், வலி மாத்திரை சிறுநீரகத்தையும் கெடுத்திருக்கலாம். அப்பா அப்படி ஏதாவது போட்டாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், குடிப்பழக்கம். தினமும் குடித்தவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடி நின்றால் இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, வேர்த்து, இல்லாததைப் பார்த்துப் பயப்படுவார். மூன்றாம் நாள் ராத்திரி என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த சந்தேகங்களில் இதுவும் ஒன்று. அதற்குச் சிகிச்சையே வேறு, தாமதமானால் உயிருக்கு ஆபத்து. அப்பா குடிக்கிறவர் இல்லை என்றால் இதை விட்டுவிடுங்கள்.

கண்ணாடி, காது மிஷின், பல்செட் மூன்றையும் தொலைந்துபோய்விடும் என்று வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வருவது நம் வழக்கம். கண் தெரியாமல், காது கேட்காமல், முன்பின் தெரியாத இடத்தில் ராத்திரி விழித்தால் நானும் குழம்புவேன். இதோடு மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேன்கனிக்கோட்டை பக்கம் இருந்து வந்த ஒரு பாட்டி, வீட்டில் கன்னடம், கடைக்காரரிடம் தமிழ். காய்ச்சலில் தமிழ் போய்விட்டது, கன்னடம் மட்டும் மிஞ்சியது. புரியாமல் உளறுகிறார் என்று ஷீட்டில் ஏறிவிட்டது. வார்டு ஆயாம்மாவுக்குக் கன்னடம் தெரியும், அவர் வார்டைப் பெருக்கிக்கொண்டு வந்தபோது காதில் விழுந்து, "சிஸ்டர், ஒண்ணுக்குப் போகணும்னு அரை மணி நேரமாக் கேக்குறாங்க" என்றார். ஓசூர், ராயக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கத்துப் பெரியவர்கள் யாரையாவது பார்த்துக்கொள்பவர்கள் இதைப் படித்தால், தெலுங்கோ கன்னடமோ, பிறந்த மொழியில் பேசுகிற ஒருவரைப் பக்கத்தில் வையுங்கள்.

இனி அந்த எழுந்து நிற்க முடியாத விஷயம். குழப்பமும் இதுவும் வேறு வேறு பிரச்சினை என்று நினைக்கிறீர்கள், அவை ஒரே வேரில் இருப்பவை. நம் ஊர்க் கிணறுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே இருந்து எட்டிப் பார்த்தால் இரண்டு கிணற்றிலும் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கும். மோட்டாரைப் போட்டால்தான் தெரியும், ஒன்றில் ஊற்று இருக்கிறது, இறைக்க இறைக்க ஊறுகிறது, இன்னொன்று அரை மணி நேரத்தில் சேறு தட்டிவிடும். 78 வயதுக்காரர் இரண்டு பேர் வீட்டில் ஒரே மாதிரி நடமாடுவார்கள். நிமோனியா என்பது மோட்டார். ஊற்று குறைந்த உடம்பை மருத்துவத்தில் தளர்ச்சி நிலை என்கிறார்கள், அது வயதும் இல்லை, ஒரு தனி நோயும் இல்லை, இருப்பு குறைந்துபோவது. லிண்டா ஃபிரைடு என்பவரின் குழு 2001இல் அதற்கு ஐந்து அடையாளம் சொன்னது: தானாக எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் குறைவது. மூன்று இருந்தால் தளர்ச்சி. உங்கள் அப்பாவின் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்து எவ்வளவு நாள் ஆகிறது, சொசைட்டிக்குப் போகும் வழியில் உட்கார்ந்து எழுந்து போனாரா என்று யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் டெலிரியம் சீக்கிரம் வருகிறது, வந்தால் படுக்கை நீள்கிறது, படுக்கை நீண்டால் இருக்கும் கொஞ்ச பலமும் போகிறது.

படுக்கையின் வேகம் பலருக்குத் தெரியாது. 2007இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் நோய் எதுவும் இல்லாத வயதானவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள், கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் தசை கரைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், பன்னிரண்டு பேர்கூட முழுதாக இல்லை. ஆனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள், நன்றாகச் சாப்பிட்டவர்கள். காய்ச்சலோடு, கஞ்சியும் பிரெட்டும் மட்டும் சாப்பிட்டு ஒன்பது நாள் படுத்த உங்கள் அப்பாவுக்கு எவ்வளவு போயிருக்கும் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். "அசையாம படுங்கப்பா, ரெஸ்ட் எடுங்க" என்று நாம் அன்பாகச் சொல்வது அவர் காலை எடுத்துவிடுகிறது. வேண்டாம் என்று டாக்டர் தடுத்தால் தவிர, அவரை உட்கார வைக்க வேண்டும், நிற்க வைக்க வேண்டும், நடக்க வைக்க வேண்டும். சாப்பாட்டில் முட்டை, பருப்பு, தயிர், பாசிப்பயறு சேர்க்க வேண்டும்; சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். களி சாப்பிட்டுப் பழகியவருக்கு வார்டு இட்லி இறங்காது, வீட்டிலிருந்து களியும் கீரைக் கடைசலும் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் இல்லை, கேட்டுவிட்டுக் கொண்டுவாருங்கள். ஆனால் அரை மயக்கத்தில் இருப்பவரைப் படுக்க வைத்தபடி வாயில் கஞ்சி ஊற்றவே ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய் இன்னொரு நிமோனியாவைக் கொண்டுவரும். முழுதாக விழித்திருக்கும்போது, நிமிர்ந்து உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக.

பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். நான் மேலே சொன்ன இனோயியின் குழு 1999இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. 70 வயதுக்கு மேற்பட்ட 852 நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு, இன்னொரு பாதிக்குக் கூடுதலாகச் செய்தவை இவைதான்: இது எந்த இடம், என்ன நாள் என்று அடிக்கடி சொல்வது, நடக்க வைப்பது, கண்ணாடியும் காது மிஷினும் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, மாத்திரை இல்லாமல் தூங்க வைப்பது. ஒரு மருந்துகூட இல்லை. வழக்கமான பக்கத்தில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது, இந்தப் பக்கம் 9.9 சதவீதம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: டெலிரியம் வந்துவிட்ட பிறகு இவற்றால் அதன் கடுமை குறையவில்லை. உங்களிடம் இதை மறைக்க மாட்டேன். உங்கள் அப்பாவுக்கு வந்துவிட்டது, ஆகவே நான் சொல்பவை ஒரே நாளில் தெளிய வைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காரணத்தைப் பிடித்துச் சரிசெய்வது டாக்டர் வேலை, அது நடக்கும்வரைக்கும் அவர் விழாமல், உடம்பில் தண்ணீர் வற்றாமல், பயப்படாமல், கால் பலம் போகாமல் காப்பாற்றுவது உங்கள் வேலை.

அதற்கு ஒரே ஆள், அல்லது இரண்டு பேர் முறை வைத்து. வேன் பிடித்துப் பதினைந்து பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்று "என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லுங்க" என்று ஆளாளுக்குப் பரீட்சை வைப்பது அவரை இன்னும் கலக்கும். நீங்களே பேர் சொல்லிவிடுங்கள்: "அப்பா, நான்தான், இது ஆஸ்பத்திரி, சளிக்காக வந்திருக்கோம், இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, விடியப் போகுது." பகலில் ஜன்னல் பக்கம் முகம், ராத்திரி வெளிச்சமும் டிவியும் போனும் அணைய வேண்டும். மாடு அவிழ்ந்துவிட்டது என்று அவர் பதறினால், இங்கே மாடு இல்லை என்று சண்டை போடாதீர்கள். "மாட்டை அம்மா பார்த்துக்கறாங்க, தண்ணி காட்டியாச்சு" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. அப்புறம் பேச்சைச் சோளம் பக்கம் திருப்புங்கள். யூரின் டியூப் போட்டிருந்தால், இது இன்னும் தேவையா என்று தினமும் காலையில் கேளுங்கள். கேட்காவிட்டால் அது மறந்துபோய் நாள் கணக்கில் கிடக்கும், தொற்றும் வரும், அதுவே ஒரு கட்டு மாதிரி அவரைக் கட்டிலோடு பிடித்து வைக்கும்.

கையைக் கட்டுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டினால் அமைதியாவார்கள் என்பது என் அனுபவத்தில் நடக்கவில்லை, கட்டியவர்கள் இன்னும் திமிறுகிறார்கள், தோல் கிழிகிறது. ஆள் இல்லாத ராத்திரிகளில் நாங்கள் கட்டியிருக்கிறோம், அதை மறுக்க மாட்டேன், பக்கத்தில் ஒரு மகன் உட்கார்ந்திருந்தால் கட்ட வேண்டி வராது. கட்டில் கம்பியைத் தூக்கிவிட்டால் பத்திரம் என்று நினைப்பதும் சரியில்லை, குழப்பத்தில் கம்பி மேல் ஏறி விழுந்து இடுப்பு உடைந்தவர்கள் உண்டு. கட்டிலைத் தாழ்த்தி வைப்பது நல்லது. அமைதிப்படுத்தப் போடும் ஊசியைப் பொறுத்தவரை, தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துகிற அளவுக்குப் போனால் குறைந்த அளவில் ஹாலோபெரிடால் மாதிரி மருந்து கொடுப்பார்கள், அதில் தப்பில்லை. அது டெலிரியத்தைக் குணப்படுத்தும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2018இல் ஐசியூ நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில் அந்த மருந்து குழப்பமான நாட்களைக் குறைக்கவில்லை. அப்பாவுக்குக் கை நடுக்க நோய், அதாவது பார்க்கின்சன், இருந்தால் ஹாலோபெரிடால் ஆகாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். லோராசிபாம் வகைத் தூக்க ஊசி, குடி நிறுத்தியதால் வந்த குழப்பத்துக்கும் வலிப்புக்கும் சரி, மற்ற டெலிரியத்தில் பெரும்பாலும் கெடுதலே செய்யும்.

மந்திரிப்பதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். அம்மாவுக்கு ஆறுதல் என்றால் விபூதி வைக்கட்டும், கயிறு கட்டட்டும். மிளகாய் சுற்றிப் போடும் புகை நிமோனியா நுரையீரலுக்கு ஆகாது, ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் கற்பூரம் ஏற்றினால் தீப்பிடிக்கும். மந்திரிப்பதற்காக, டாக்டர் பேச்சை மீறிக் கையெழுத்துப் போட்டு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மாமா சொல்கிற மனநல டாக்டர் வந்து பார்ப்பது நல்லதுதான், டெலிரியம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் முடியாமல் மனநல வார்டுக்கு மாற்றுவது மட்டும் வேண்டாம். அவசரமாக டூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டியது எப்போது என்றால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால், வாய் கோணினால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாமல் போனால், மூச்சு வாங்கினால், தலையில் அடிபட்டிருந்தால். சேர்ப்பதற்கு முந்தைய வாரங்களில் வீட்டில் வழுக்கி விழுந்தாரா என்பதையும் கேளுங்கள். மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் வாரக் கணக்கில் கழித்தும் குழப்பத்தைக் கொண்டுவரும்.

திரும்ப வருவாரா? பெரும்பாலானவர்கள் தெளிகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. காரணம் சரியானதும் சிலருக்கு இரண்டு மூன்று நாள், பலருக்குச் சில வாரம், சிலருக்கு மாதங்கள். காய்ச்சல் நின்ற அன்றைக்கே மூளை தெளியாது, அது பின்னாலேயே மெதுவாக வரும், ஆகவே ஒன்பதாம் நாள் என்பதை வைத்துப் பயப்பட வேண்டாம். காய்ச்சல் நின்ற பிறகும் குழப்பம் கூடிக்கொண்டே போனால் மட்டும், இரண்டாவது காரணம் ஒன்று இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். முழுதாகப் பழைய நிலைக்கு வராதவர்களும் உண்டு, ஏற்கெனவே தளர்ந்தவர்களிடமும் லேசான மறதி இருந்தவர்களிடமும் அது அதிகம். டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னால் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. டெலிரியமே மூளையைக் கெடுக்கிறதா, ஏற்கெனவே கெட ஆரம்பித்த மூளையை அது வெளியே காட்டுகிறதா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் ஒரு முடிவு இல்லை. தெளிந்த பிறகு நடந்ததில் பாதி அவருக்கு ஞாபகம் இருக்கலாம், வெட்கப்படுவார். "காய்ச்சல் வேகத்துல அப்படி ஆச்சு, எல்லாருக்கும் வரும்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்குப் போனால் தெளிவார் என்பது பல சமயம் உண்மை, அவர் கயிற்றுக் கட்டில், அவர் திண்ணை. ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு நன்றாக இருந்து, ஊசி மருந்து மாத்திரைக்கு மாறியிருந்தால், சீக்கிரம் அனுப்ப முடியுமா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். சேலத்துக்கோ பெங்களூருக்கோ மாற்றலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். இங்கே இல்லாத ஏதாவது சிகிச்சைக்காக என்றால் போங்கள், குழப்பம் தெளிவதற்காக மட்டும் என்றால் இன்னொரு புது இடம், புது முகங்கள், இன்னும் நான்கு நாள் பின்னால் போவார். வீட்டுக்கு வந்ததும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பேர் கொடுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடு அதில் உண்டு. முதியோருக்கான உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

நாளைக் காலையில் ஒன்று செய்யுங்கள் தம்பி. சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, அப்பாவை முதலில் பக்கவாட்டில் ஒருக்களிக்க வையுங்கள். முதுகு விறைத்தவரை நேராகத் தூக்கினால் வலிக்கும், வலித்தால் அடுத்த தடவை வர மாட்டார். கால் இரண்டையும் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றச் சொல்லி மெல்ல உட்கார வையுங்கள், ஐந்து நிமிஷம். தலை சுற்றவில்லை என்றால் வழுக்காத செருப்பைப் போட்டு, நீங்கள் ஒரு பக்கம், இன்னொருவர் ஒரு பக்கம், எழுந்து பத்து வரை எண்ணும்வரை நிற்கட்டும். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அப்புறம் அவர் போடும் மாத்திரைகளின் பேரையும், கடைசியாக எப்போது வெளிக்குப் போனார் என்பதையும், கடைசியாக எடுத்த சோடியம் எவ்வளவு என்பதையும் இங்கேயே எழுதுங்கள். ராத்திரி பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன்.